ரெஃபரி ருக்கியா

சேலேப்புறம்
18 பிப்ரவரி 1997

என் இக்காவுக்கு ருக்கியாவின் ஸலாம்.

உட்கார்ந்துகொண்டு படி. நின்றபடி படித்தால் துள்ளிக் குதித்து அந்த பேக்கரி அடுப்பில் கையை வைத்துவிடுவாய். போன ஞாயிற்றுக்கிழமை நம் மைதானத்தில், செவன்ஸ் பந்தாட்டத்தின் நடுவில், கறுப்புச் சட்டை போட்டு விசில் ஊதியது யார் தெரியுமா? உன் தங்கைதான்!

ரெஃபரி பரீட்சையில் நான் பாஸானதை முன்பே எழுதியிருந்தேன். பாஸான பிறகும் ரெஃபரி சங்கத்தில் ஒரு ஆட்டம்கூடத் தராமல் இழுத்தடித்தார்கள். "பொம்பளைய அனுப்புனா கேலரி சிரிக்கும் டீச்சர், ஆட்டம் கெட்டுப்போகும்" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை ரெஃபரிகள் பாதிப் பேர் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். ஆளில்லை. "சரி, முதல் சுற்றுதானே, இவளே ஊதட்டும்" என்று விட்டார்கள்.

சட்டை ஆம்பளை அளவு. உம்மா முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து பிரித்துத் தைத்தார். தலையில் மஃப்தாவை இறுக்கிக் கட்டி அதன்மேல் தொப்பி. கண்ணாடியில் பார்த்தேன், எனக்கே என்னைப் பிடித்துப்போனது.

மைதானத்தில் கால் வைத்ததும் கேலரியிலிருந்து ஒருவன், "டீச்சரே, வீட்டுப்பாடம் எதுவும் உண்டா?" என்றான். மூங்கில் கேலரியே குலுங்கிச் சிரித்தது. எனக்குக் காது சுட்டது. அடுத்த நிமிடமே ஒரு பின்காப்பாளன், பனைமரம் மாதிரி உடம்பு, எதிராளியின் காலைத் தட்டிச் சாய்த்தான். ஊதினேன். மஞ்சள் அட்டையை எடுத்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தவன், என் முகத்தைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நான் ஒண்ணும் பண்ணல டீச்சர்" என்றான்! பழக்கம், இக்கா. பள்ளிக்கூடப் பழக்கம். மறுபடி கேலரி சிரித்தது. இந்தத் தடவை என்னைப் பார்த்து இல்லை, அவனைப் பார்த்து.

அதற்குப் பிறகு ஓடியது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் இரண்டு கேப்டன்களும் கை கொடுத்தார்கள். சங்கத்தில், "அடுத்த ஞாயிறும் வாங்க" என்றார்கள். உம்மா குடை பிடித்துக்கொண்டு கேலரியின் ஓரத்தில் கடைசிவரை நின்றிருந்தார். வீட்டுக்கு வந்ததும் சொன்னது ஒன்றே ஒன்று: "விசில இன்னும் பலமா ஊதுடீ. எனக்கே சரியாக் கேக்கல."

உன் தங்கை,
ருக்கியா

-

தோஹா
1 மார்ச் 1997

எடீ ருக்கியா,

உன் கடிதத்தை அறையில் சத்தமாகப் படித்தேன். முழுவதும் முடிக்க விட்டால்தானே! அந்தப் பனைமரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்ட இடத்தை மறுபடி மறுபடி படிக்கச் சொல்லி உயிரை எடுத்துவிட்டார்கள். திரூர்க்காரன் கரீம் கட்டிலின் மேல் ஏறி நின்று அதை நடித்தே காட்டினான். பேக்கரியில் எங்களோடு வேலை செய்கிற நேபாளிகளுக்கும் சொன்னேன். "உன் தங்கச்சியா? நிஜமாவா?" என்று என்னை ஏதோ மந்திரி மாதிரி பார்க்கிறார்கள். இன்று குபூஸ் ரொட்டி எல்லாம் எனக்கு வட்டமாகவே வந்தது.

சங்கத்தில் அப்படிச் சொன்னார்களா? ஆம்பளைக்கு ஒரு நியாயம், பொம்பளைக்கு ஒரு நியாயமா? பந்துக்குத் தெரியுமா உதைக்கிறது யார், ஊதுகிறது யார் என்று? நீ விடாதே. யார் என்ன சொன்னாலும் என் பேரைச் சொல். சேலேப்புறம் யுவதாரா கிளப்பின் பழைய கோல்கீப்பர் சைதலவி பின்னால் இருக்கிறான் என்று சொல்.

யுவதாரா என்றதும் ஞாபகம் வருகிறது. நான் ஊரை விட்டுக் கிளம்பிய பிறகு, நம் டூர்ணமென்ட் கோப்பையை நம் ஊர் ஒரு தடவைகூடத் தொடவில்லை. நாமே பந்தல் போட்டு, நாமே சோறு போட்டு, கோப்பையை மட்டும் வெளியூர்க்காரன் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போகிறான். கிளப் செயலாளர் பீரான் காக்கா எழுதியிருந்தார்: முன்னால் நிற்கிற ஷௌக்கத்து இந்த வருஷம் நெருப்பாக ஆடுகிறானாம். இங்கே நாங்கள் எல்லோரும் பைத்தியம் பிடித்துக் கிடக்கிறோம். கோப்பை வந்தால் அறையில் பிரியாணி என்று முடிவு.

ஃபைனலில் நீ ஊதினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! சும்மா சொன்னேன். சொந்த ஊர்க்காரியை எவன் விடுவான்?

உம்மாவுக்கு என் முத்தம். விசிலைப் பலமாக ஊது.

சைதலவி

-

சேலேப்புறம்
24 மார்ச் 1997

இக்கா,

விடிந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துவிடு. நேற்று ஃபைனல். நம் யுவதாராவும் மலங்கரை டவுனும். ஊதியது நான்.

ஆமாம், நீ வேடிக்கையாக எழுதியது நடந்துவிட்டது. கோழிக்கோட்டிலிருந்து வரவேண்டிய ரெஃபரிக்குப் பொன்னுக்கு வீங்கி. கன்னம் பலாப்பழம் மாதிரி ஆகிவிட்டதாம். மைதானம் நிரம்பி வழிகிறது, ஊத ஆளில்லை. கமிட்டியில் தயங்கித் தயங்கி என் பேரைச் சொன்னார்கள். நான் முடியாது என்றேன். சொந்த ஊர் ஆடும்போது நான் எப்படி? அப்போது மலங்கரைக் கேப்டன் ஜோஸ்குட்டி எழுந்தார்.

"டீச்சரே ஊதட்டும். செமியில எங்க ஆள வெளிய அனுப்புனது இவங்கதான். அன்னிக்கு எங்களுக்கு வயிறு எரிஞ்சுச்சு. ஆனா அது ஃபௌல்தான்."

எதிர் அணி, இக்கா! எதிர் அணிக்காரன் சொல்கிறான், சேலேப்புறத்துப் பெண்ணே சேலேப்புறத்து ஆட்டத்தை ஊதட்டும் என்று. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. பீரான் காக்காவுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

என்ன ஆட்டம் தெரியுமா! இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல். கேலரியில் உட்கார்ந்திருந்தவர் ஒருவர்கூட இல்லை. கடைசி நிமிடங்களில் நமக்கு ஒரு கார்னர். பந்து உயர்ந்து வந்தது, தலைகள் கூட்டமாக எழும்பின, ஷௌக்கத்து எல்லோருக்கும் மேலே எழும்பினான், பந்து வலைக்குள். வெடி வெடித்தது. மக்கள் மைதானத்துக்குள் குதித்துவிட்டார்கள்.

நான் பார்த்துவிட்டேன், இக்கா. பந்து அவன் தலையில் படவில்லை. மணிக்கட்டில் பட்டது. கோட்டோரம் நின்ற துணை ரெஃபரியை ஆட்கள் மறைத்துவிட்டார்கள், அவர் பார்க்கவில்லை. விசில் என் வாயில் இருக்கிறது, ஊத மூச்சு இல்லை. ஊர் முழுக்க என்னைச் சுற்றி ஆடுகிறது. சும்மா இருந்தால் போதும், யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஊதினேன். கையைக் காட்டி, கோல் இல்லை என்றேன்.

அப்படி ஒரு அமைதியை நம் மைதானத்தில் நீ கேட்டிருக்கமாட்டாய். பிறகு செருப்புகள் வந்தன, தண்ணீர்ப் பொட்டலங்கள் வந்தன. பீரான் காக்கா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"மோளே, நீ நம்ம ஊருப் பிள்ளதானே?"

"ஆமா காக்கா. ஆனா பந்து கையில பட்டுச்சு."

"யாரு பாத்தா?"

"நான் பாத்தேன்."

டைபிரேக்கரில் தோற்றோம். மலங்கரைக்காரர்கள் கோப்பையைக்கூடத் தூக்காமல் என்னைச் சுற்றி நின்று சாலைவரை கூட்டிவந்தார்கள். உம்மா பின்னாலேயே, மடக்கிய குடையை வாள் மாதிரி பிடித்துக்கொண்டு, "எவன்டா அது, இன்னொரு தடவ சொல்லு பாக்கலாம்" என்று ஒவ்வொருவரையும் முறைத்துக்கொண்டே வந்தார்.

ஊரே திட்டுகிறது. ஆனால் எனக்குள் என்னவோ பொங்கிக்கொண்டு இருக்கிறது. பயமா சந்தோஷமா என்றே தெரியவில்லை. உனக்கு எழுதினால் தெரியும் என்று எழுதுகிறேன்.

ருக்கியா

-

தோஹா
2 ஏப்ரல் 1997

ருக்கியா,

உன் கடிதம் வருவதற்கு முன்பே பீரான் காக்கா பூத்திலிருந்து போன் செய்துவிட்டார். எல்லாம் தெரியும்.

அறையில் யாரும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. கரீம் மட்டும் பேசினான். "உன் தங்கச்சி நல்லாத்தான் ஊதுனா, மலங்கரைக்கு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

ஒரு வினாடி. ஒரே ஒரு வினாடி நீ வேறு பக்கம் பார்த்திருக்கக் கூடாதா? உலகக் கோப்பையிலேயே ஒருத்தன் கையால் தட்டிக் கோல் போட்டான். அவனை நாடே தோளில் தூக்கிக்கொண்டு ஆடியது. அங்கே ஊதாத விசிலைச் சேலேப்புறத்தில் நீ ஊத வேண்டுமா? அந்த வலைக்கு முன்னால் மண்ணில் விழுந்து விழுந்து முட்டி தேய்ந்தவன் நான். அந்தக் கோப்பை எனக்கு என்னவென்று உனக்குத் தெரியும்.

பீரான் காக்கா ஒரு வழி சொல்கிறார். சாயங்கால வெயில் கண்ணில் பட்டது, சரியாகத் தெரியவில்லை என்று சங்கத்துக்கு இரண்டு வரி எழுதிக் கொடு. மறு ஆட்டம் வைப்பார்கள். உன்னை யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள். வெயில் எல்லோர் கண்ணிலும்தான் படும்.

அதை எழுதிக் கொடுத்துவிட்டு எனக்கு எழுது. அதுவரை எழுத வேண்டாம்.

சைதலவி

-

சேலேப்புறம்
14 ஏப்ரல் 1997

இக்காவுக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். எழுதிக் கொடு என்றாய். கொடுக்கமாட்டேன்.

வெயில் எனக்கு முதுகுப் பக்கம் இருந்தது. அந்த வலைக்கு முன்னால் அத்தனை வருஷம் நின்றவன் நீ. சாயங்காலம் வெயில் எந்தப் பக்கம் விழும் என்று உனக்குத் தெரியாதா?

இங்கே நடப்பதைக் கேள். மீன்காரர் நம் வாசலில் மணியடிப்பதை நிறுத்திவிட்டார். நேராகப் போகிறார். பள்ளியில் ஆண் வாத்தியார்கள் நான் வந்தால் பேச்சை மாற்றுகிறார்கள். ஒருநாள் காலையில் பார்த்தால் கேட்டில் சாணி. உம்மா வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய், தெருவே கேட்கிற மாதிரி, "பரவாயில்ல, என் முருங்கைக்கு உரம் வேணும்னு நெனச்சேன்" என்று சொல்லிக்கொண்டே கழுவினார். நான் அழுதேன். உம்மா அழவில்லை.

ஷௌக்கத்து வந்தான். வீட்டுப் பின்பக்கமாக, திருடன் மாதிரி.

"டீச்சர், கையிலதான் பட்டுச்சு."

"அதை வெளிய சொல்லேன் ஷௌக்கத்து."

"என்னை உரிச்சுப் போட்டுடுவாங்க டீச்சர்."

அவ்வளவுதான். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். எனக்கு அவன்மேல் கோபம் இல்லை. அவன் வந்தானே. நீ என் பக்கம் வரவில்லை.

"வாப்பா இல்லாத வீடு, ஆம்பளப் பிள்ளைக்கு நல்லாக் கொடு" என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் உம்மாவுக்குப் புத்தி சொன்ன காலம் ஒன்று இருந்தது. உம்மா கேட்டாரா? மீனின் நடுத்துண்டு ஒருநாள் உனக்கு, மறுநாள் எனக்கு. நீ சண்டை போட்டாய். நானும் போட்டேன். உம்மா மாற்றவே இல்லை. "ரெண்டு பேருக்கும் ஒரே வயிறுதானே" என்றார். பள்ளிக்கூடத்தையே பார்க்காதவர். அவர் பெற்ற பெண்ணிடம் நீ வேறு பக்கம் பார்க்கச் சொல்கிறாய்.

சங்கத்தில் என்னை ஊத விடாதபோது ஆம்பளைக்கு ஒரு நியாயம் பொம்பளைக்கு ஒரு நியாயமா என்று கேட்டாயே, அது நம் ஊர் ஜெயிக்கிறவரைக்கும்தானா?

ஒரு நல்ல செய்தியும் உண்டு. என் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் பள்ளிக்குப் பின்னால் பந்து ஆடுகிறார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. போன வாரம் எட்டிப் பார்த்தேன். ஒருத்தி வாயில் விரல் வைத்து ஊதிக்கொண்டு ஓடுகிறாள். அவளுடைய உயிர்த்தோழிக்கே ஃபௌல் கொடுத்தாள். அந்தத் தோழி கத்துகிறாள், "போடீ, நீ டீச்சர் மாதிரியே பண்றே!" திட்டுகிறாளா பாராட்டுகிறாளா, எனக்கு இதுவரை புரியவில்லை. ஆனால் அன்று முழுக்க நான் பறந்துகொண்டே இருந்தேன்.

ருக்கியா

-

தோஹா
11 மே 1997

ருக்கியாவுக்கு, முதலில் ஸலாம். பிறகு திட்டு. எல்லாம் உன்னால்தான்.

உன் கடிதத்தை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன். பதில் எழுதுவதில்லை என்று தீர்மானம். அப்போதுதான் வந்தது முந்தாநாள் வெள்ளிக்கிழமை. இங்கே வேலைக்காரர்களுக்குள் பந்தாட்டம் உண்டு என்று எழுதியிருக்கிறேன் அல்லவா? மலப்புறத்துக்காரர்கள் நாங்கள் ஒரு அணி. எங்கள் பேக்கரி நேபாளிகள் ஒரு அணி. நான்தான் கோல்கீப்பர். வயிறு கொஞ்சம் வந்துவிட்டது, ஆனாலும் நான்தான்.

நேபாளிகளைப் பற்றி உனக்குத் தெரியாது. இங்கே வரிசையில் கடைசியில் நிற்கிறவர்கள். குளியலறையிலும் கடைசி, சாப்பாட்டிலும் கடைசி. யாரும் அதைக் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. பந்தில் மட்டும் புலி.

நாங்கள் ஒரு கோல் முன்னால். முடிய இன்னும் கொஞ்ச நேரம். பஹாதுர் என்று ஒரு சின்ன உருவம், தூரத்திலிருந்து அடித்தான். பந்து என் கையில் பட்டு, கம்பத்தில் பட்டு, கீழே விழுந்தது. நான் பாய்ந்து அணைத்துக்கொண்டேன். தூசி. கோடும் அழிந்து கிடக்கிறது. ரெஃபரி ஒரு எகிப்துக்காரர், தொந்தியோடு நடுமைதானத்தில் நிற்கிறார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. நேபாளிகள் "கோல், கோல்" என்று கத்துகிறார்கள். நம் ஆட்கள் "இல்லை, இல்லை" என்று கத்துகிறார்கள். எகிப்துக்காரர் மூச்சு வாங்க வந்து என்னைக் கேட்டார்: "நீயே சொல். உள்ளே போச்சா?"

பந்து போயிருந்தது, ருக்கியா. ஒரு சாண் உள்ளே. எனக்கு மட்டும் தெரியும்.

சத்தியமாகச் சொல்கிறேன், வாயைத் திறந்து "இல்லை" என்றுதான் சொல்லப் போனேன். நாக்கு நுனியில் இருந்தது. அப்போது பஹாதுரைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. திரும்பித் தன் இடத்துக்கு நடக்க ஆரம்பித்துவிட்டான். நான் என்ன சொல்வேன் என்று அவனுக்குத் தெரியுமாம்! அவ்வளவு நிச்சயம் அவனுக்கு. அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

"போச்சு," என்றேன். "கோல்."

கரீம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். பிறகு நேபாளிகள் இன்னொன்றும் போட்டார்கள், ஜெயித்தும் விட்டார்கள். அறைக்கு வந்தால் எனக்கு டீ இல்லை. எல்லோருக்கும் ஊற்றிவிட்டு என் டம்ளரைக் கவிழ்த்து வைத்திருக்கிறான் கரீம். "உங்க குடும்பத்துக்கே இந்த வியாதி உண்டுடா, ரத்தத்துலயே இருக்கு" என்கிறான். நான் சிரித்தேன் பார், வயிறு வலிக்கச் சிரித்தேன். ஒரு மாதமாக அப்படிச் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பஹாதுர் வந்து கதவைத் தட்டினான். கையில் ஃப்ளாஸ்க். நேபாளிகள் எல்லோரும் சேர்ந்து எனக்கு டீ போட்டு அனுப்பியிருக்கிறார்கள். இஞ்சி தூக்கலாக, அருமையாக இருந்தது.

நீ மைதானத்தில் நின்றபோது உனக்கு ஒரு ஊரே எதிரில் நின்றது. எனக்கு ஒரு அறைதான். அதற்கே பொய் சொல்லப் பார்த்தேன். எப்படியடீ நின்றாய்?

வெயில் அந்தப் பக்கம் விழாது. எனக்குத் தெரியும். எழுதிக் கொடுக்காதே. உம்மாவுக்குச் சொல், அவர் பெற்ற இரண்டுக்கும் ஒரே வயிறுதான் என்று.

உன் இக்கா

-

சேலேப்புறம்
26 மே 1997

என் தங்கமான இக்கா,

முதலில் செய்தி. யுவதாரா ஜெயித்துவிட்டது! மலங்கரையில், அவர்கள் டூர்ணமென்டில், அவர்கள் மைதானத்தில், அவர்களையே தோற்கடித்து! இப்போது கரீமுக்கு டீ கொடுக்காதே. கதையைக் கேள்.

உன் கடிதம் வந்த மறுநாள், வாசலில் செருப்புச் சத்தம். பார்த்தால் பீரான் காக்கா. உள்ளே வராமல் முற்றத்தில் நின்று முருங்கையைப் பார்க்கிறார், ஓட்டைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கவில்லை.

"மலங்கரையில ஃபைனல் மோளே. நம்ம பிள்ளைங்க ஃபைனல் வரைக்கும் வந்துட்டாங்க. அவங்க ஊரு, அவங்க மைதானம், அவங்க கேலரி. ரெஃபரியும் அவங்க பக்கம் சாஞ்சா நாங்க எங்க போவோம்?"

"அதுக்கு?"

"நீ ஊதணும்."

நான் பேசுவதற்கு முன்னால் உம்மா கதவருகில் வந்துவிட்டார். "ஏன் பீரானே, என் மகளுக்குத்தான் வெயிலடிச்சா கண்ணு தெரியாதே. நல்லாக் கண்ணு தெரியிற ஆளாப் பாத்துக் கூட்டிட்டுப் போயேன்."

பீரான் காக்கா முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்! மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அவர் கேட்கிற ஆளா? தலையைச் சொறிந்தார். "மத்தவங்க யாரு வந்தாலும் எனக்கு நம்பிக்கை இல்ல பாத்தும்மா" என்று தரையைப் பார்த்தபடி உம்மாவிடம் சொன்னார். உம்மா டீ கொடுத்தார். இரண்டாவது டம்ளரும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். மறுநாள் காலை மீன்காரர் வாசலில் மணியடித்தார்.

இன்னும் கேள். நான் சங்கத்துக்குப் போனால், அங்கே மலங்கரைக்காரர்களும் என் பேரைத்தான் கேட்டிருக்கிறார்களாம். இரண்டு பக்கமும் ஒரே ரெஃபரியைக் கேட்பது இதுதான் முதல் தடவை என்று சங்கத்தில் சிரித்தார்கள். கேலரி சிரிக்கும் என்று சொன்ன அதே வாய்.

நேற்று ஆட்டம். மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது. மலங்கரைக் கேலரியில் ஒரு பகுதி முழுக்கப் பெண்கள். நான் நுழைந்தபோது ஒரு குலவை போட்டார்கள், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டு பாதியும் கோல் இல்லை. கூடுதல் நேரத்தில் ஷௌக்கத்து தலையால் முட்டி ஒன்று போட்டான். தலையால்! போட்டதும் ஓடி ஆடவில்லை. இரண்டு கையையும் உயர்த்தி என்னிடம் காட்டினான், "பாத்துக்கங்க டீச்சர்" என்று. அந்தக் கோலைப் பற்றி இரண்டு ஊரிலும் ஒருவரும் சந்தேகம் கிளப்பவில்லை. பீரான் காக்கா ஜீப்பில் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "களவு கலக்காத கோலுடா, களவு கலக்காத கோலு" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆனால் அது இல்லை நான் உனக்குச் சொல்ல வந்தது. அதற்கும் முன்னால், இரண்டாம் பாதியில் ஒன்று நடந்தது. ஷௌக்கத்து பந்தோடு உள்ளே நுழைந்தான். ஜோஸ்குட்டி பின்னாலிருந்து காலை நீட்டினார். அதே ஜோஸ்குட்டி. அன்று எனக்காக எழுந்து பேசியவர், என்னைச் சாலைவரை கூட்டிவந்தவர். ஷௌக்கத்து விழுந்தான். பெனால்டிப் பெட்டிக்கு உள்ளே.

இந்தத் தடவை மூச்சு இருந்தது. ஊதினேன். வெள்ளைப் புள்ளியைக் காட்டினேன்.

மலங்கரை மொத்தமும் எழுந்தது. மூங்கில் முறிகிற மாதிரி ஒரு சத்தம். ஒருவன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துவிட்டான். எனக்கு நம் ஊரின் அந்த நாள் கண்முன்னால் வந்தது. ஜோஸ்குட்டி என்னைப் பார்த்தார், பின்னால் நகர்ந்தார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். யாரென்று தெரியாது, முகம்கூடப் பார்க்கவில்லை.

"செருப்பக் கீழ போடுடா. டீச்சர் ஊதினா அது பெனால்டிதான்."

அவன் செருப்பைக் கீழே போட்டான், இக்கா. போட்டு, காலை நுழைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவன் பக்கத்தில் இருந்தவன் உட்கார்ந்தான். பிறகு வரிசை வரிசையாக முழு கேலரியும் உட்கார்ந்தது.

ஷௌக்கத்து அந்தப் பெனால்டியைக் கம்பத்துக்கு மேலே, தென்னந்தோப்புக்குள் அடித்தான். இரண்டு ஊரும் சேர்ந்து சிரித்தது.

உன்,
ருக்கியா